வாயு வெந்நீர்க் கலம்: அமைத்தலும் அபாயமின்றிக் கையாளுதலும்

பால் கறக்கும் பாத்திரங்களையும் கேன்களையும் வெந்நீரால் கழுவாவிடில் பால் விரைவில் கெட்டுப்போகும் என்பதை மாடு வைத்திருக்கும் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப் பிரதேசங்களில் குளிப்பதற்கும் வருஷத்தில் பெரும்பாகம் வெந்நீர் இன்றியமையாதது. இதற்கு விறகுப் பாய்லரே வெகு காலமாகப் பயன்பட்டு வந்தது. நல்ல விறகு கிடைப்பது அரிதாகவும், எரிப்பதற்கு ஆள் கிடைப்பது அதனினும் அரிதாகவும் ஆகிவிட்டபடியால், சமையல் வாயுவினால் நீரைச் சூடாக்கும் சாதனங்களை இப்போது அநேகர் நாடுகிறார்கள். ஆனால் சாதனத்தை விலைபேசி வாங்குவதில் காட்டும் சிரத்தையை, அதை எங்கே, எவ்விதம் அமைப்பது என்பதில் பலர் காட்டுவதில்லை. அபாயம் பிறப்பது அங்கேதான்.

இச்சாதனங்கள் இருவகைப்படும். குழாயைத் திறந்தவுடன் தீ பற்றி, ஓடும் நீரை அப்போதைக்கப்போது சூடாக்குவது ஒரு வகை. கடைகளில் கேஸ் கீசர் என்று பெரும்பாலும் விற்கப்படுவது இதுவே. 100 அல்லது 150 லிட்டர் நீரைக் கலத்தில் நிரப்பி, குறித்த வெப்பத்தில் எப்போதும் வைத்திருப்பது மற்றொரு வகை. 1889-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் எட்வின் ரூட் என்பவர் தாமாகவே இயங்கும் இவ்வகைக் கலத்தை அமைத்தார். அடியில் அடுப்பும், கலத்தின் நடுவே புகை செல்லும் குழாயும், வெப்பத்தை அறிந்து தீயைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டும் இதன் முக்கிய உறுப்புகள். காலையிலும் மாலையிலும் ஒரே சமயத்தில் அதிக வெந்நீர் வேண்டியிருக்கும் பால் பண்ணைக்கு இதுவே ஏற்றது.

செலவையும் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 150 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரி சென்டிகிரேடுக்கு உயர்த்த 6,000 கிலோ கலோரி வெப்பம் தேவை. எரிவதில் நாலில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால், சுமார் முக்கால் கிலோ வாயு செலவாகும். வியாபாரத்திற்காக நடத்தும் பண்ணைக்கு வீட்டு உபயோகத்திற்கான 14.2 கிலோ சிலிண்டரை வைத்தல் கூடாது. 19 கிலோ வர்த்தக சிலிண்டரையே பெறுதல் வேண்டும்.

இனி அபாயத்தைப் பற்றிக் கூறுவோம். எந்தத் தீயும் எரியக் காற்று வேண்டும். காற்றுப் போதாதபோது வாயு முற்றிலும் எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்வதால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயுவின்றித் தவிக்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். குளித்துக்கொண்டிருப்பவர் இதை வெந்நீரின் உஷ்ணத்தால் வந்த மயக்கம் என்று எண்ணிச் சற்று உட்காருவார், பிறகு எழுந்திருக்கமாட்டார். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் மாகன் செய்த முதல் கீசருக்குப் புகைக்குழாயே இல்லை. அக்குறை தெரிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், சன்னல் சாத்திய குளியலறைக்குள் புகைக்குழாயில்லாத கீசரை மாட்டும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை.

ஆகையால் வெந்நீர்க் கலத்தைக் குளியலறையிலோ படுக்கையறையிலோ ஒருபோதும் வைத்தல் கூடாது. வீட்டிற்கு வெளியே, மழை படாத, காற்றோட்டமுள்ள தனி அறையே தக்க இடம். ஓலை அல்லது வைக்கோல் வேய்ந்த கொட்டகை உதவாது. டிராக்டருக்கான டீசல், பெட்ரோல், தெளிப்பு மருந்து ஆகியவற்றை அதே அறையில் வைப்பதும் தவறு. கலத்தினுள் சிறு வழிகாட்டிச் சுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும் என்பதை மறத்தலாகாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாமல் தரையோடு பரவிப் பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். எனவே தரைமட்டத்திற்குத் தாழ்ந்த அறை ஆகாது. சுவரில் மேலே ஒரு திறப்பும், தரையை ஒட்டி ஒரு திறப்பும் இருத்தல் வேண்டும். குளிர்காலத்தில் இத்திறப்புகளைச் சாக்கினால் அடைத்துவிடும் வேலையாட்களைப் பண்ணைக்காரர் கண்டித்து வைக்க வேண்டும்.

புகைக்குழாய் கூரைக்கு மேலே சென்று திறந்த வெளியில் முடிய வேண்டும். தாழ்வாரத்தின் அடியில் முடிவது போதாது. குறுக்கே செல்லும் பாகம் அடிக்குக் கால் அங்குலமாவது ஏறிச் செல்லுதல் வேண்டும். கலத்தைப் பற்றவைத்துச் சில நிமிஷங்கள் கழித்து, கலத்தின் தலைப்பில் புகைக்குழாய் தொடங்கும் வாயருகே கொளுத்திய ஊதுவத்தியைப் பிடித்துப் பார்க்கலாம். ஊதுவத்திப் புகை குழாய்க்குள் இழுக்கப்பட்டால் சரி. வெளியே தள்ளப்பட்டால் உடனே வாயுவை நிறுத்திவிட வேண்டும். அறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி இருப்பின், அது புகையையும் அறைக்குள் திருப்பி இழுத்துவிடும். அவ்விசிறியை ஓட்டியும் இச்சோதனையைச் செய்தல் அவசியம். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சள் சுடரும் கரிப்புகையும் காற்றுக் குறைவைக் காட்டும். ஆயினும் நீலச் சுடரைக் கண்டுவிட்டுப் புகைக்குழாய் வேண்டாமென்று துணிவது மடமை.

இரண்டாவது அபாயம் கலத்தினுள் இருப்பது. 150 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது இரண்டு லிட்டருக்கு மேல் விரிகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தடையின்றி இறங்கும் குழாயானால், விரிந்த நீர் அதன் வழியே திரும்பி ஏறும். நடுவில் ஒருவழி வால்வு இருந்தால் அழுத்தம் முழுவதும் கலத்தின்மீதே விழும். அங்கே விரிவுத் தொட்டி ஒன்று இணைக்கப்படல் வேண்டும். தெர்மோஸ்டாட்டும் பழுதாகிவிட்டால், அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியையும் தாண்டிச் சூடேறும். அந்நிலையில் கலம் வெடித்தால் நீரில் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் பெருகி, சுவரையே பெயர்த்துவிடக்கூடும். இதைத் தடுப்பது வெப்பமும் அழுத்தமும் மிகும்போது தானே திறக்கும் காப்பு வால்வு. வழக்கமாக இது 99 டிகிரியிலோ, சதுர அங்குலத்துக்கு 150 ராத்தல் அழுத்தத்திலோ திறக்கும். இதன் வெளியேற்றுக் குழாய் கீழ்நோக்கிச் சென்று தரைக்கு ஆறு அங்குலத்துக்குள் முடிய வேண்டும். அதில் வேறு வால்வு எதுவும் இருக்கலாகாது. சொட்டுகிறதே என்று இக்குழாயை மரக்கட்டையால் அடைப்பவர் வீட்டில் வெடிகுண்டை வைத்தவராவார்.

பற்றவைக்குமுன் கலம் முழுவதும் நிரம்பியிருத்தல் வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றுக் கலவாமல் நீர் ஒழுங்காக வருவதைப் பார்த்துக்கொண்டால் போதும். இணைப்புகளில் கசிவைச் சோப்பு நீர் பூசியே சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் சோதிப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். வழிகாட்டிச் சுடர் அணைந்திருந்தால் வாயுவை மூடி ஐந்து நிமிஷம் காத்திருந்து, தரையருகே வாசனை பார்த்த பின்னரே மறுபடி பற்றவைக்கலாம். வாயு நாற்றம் வீசினால் மின்விளக்கின் விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். மயங்கியவரை முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, பிறகு 108-ஐ அழைக்க வேண்டும்.

நீரை 60 டிகிரியில் வைத்தால் லெஜியோனெல்லா முதலிய கிருமிகள் பெருகா. அதே வெப்பம் சில வினாடிகளில் தோலைப் புண்ணாக்கும் என்பதால், குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் குளிக்கும் குழாய்க்குத் தண்ணீரைக் கலந்து கொடுக்கும் வால்வு வைத்தல் நலம். கிணற்று நீர் உப்புள்ள கிராமங்களில் கலத்தின் அடியில் சுண்ணாம்பு படிந்து வாயு வீணாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிக்குழாயைத் திறந்து வண்டலைப் போக்க வேண்டும். கலம் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காக்கும் மக்னீசியத் தண்டு ஒன்று உள்ளே உண்டு. அதை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினால் கலம் நீடித்து உழைக்கும்.

பள்ளி விடுதி, சத்திரம் முதலிய பொது இடங்களைப் பார்வையிடச் செல்லும் கிராம அதிகாரிகள், அங்கே வாயு வெந்நீர்க் கலம் இருந்தால் புகைக்குழாயின் முனையையும் காப்பு வால்வின் குழாயையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்வது தகும். சாணவாயு உள்ள பண்ணைகளில் அதைக்கொண்டு கலத்தை எரிக்க விரும்புவோர் சமையல் வாயுவுக்கென்று செய்த அடுப்பை அப்படியே உபயோகிக்க முடியாது. சாணவாயுவின் அழுத்தமும் வெப்பத்திறனும் குறைவாதலால், பெரிய துளையுள்ள பர்னர் அதற்குத் தனியே பொருத்தப்படல் வேண்டும்.