தண்ணீர் கேட்ட யோகி

திருவண்ணாமலை விரூபாட்ச குகைக்குள் நான் முதலில் நுழைந்தது, வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த மாதம். வெளியே நல்ல காற்று, உள்ளே வெதுவெதுப்பு. விரூபாட்ச தேவரின் சமாதி திருநீற்று மேடாக இருக்க, எதிரே ஏழெட்டுப் பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. முக்தி என்று பெரியவர்கள் சொல்வதன் வாசலைத் தொட்டுவிட்டதாகவே நம்பி மலையிறங்கினேன்.

அன்று மாலை தம்பி போன் செய்தான். அப்பா வீட்டுப் பாகப்பிரிவினை விஷயம். இரண்டே நிமிடத்தில் என் சத்தம் நான் தங்கியிருந்த விடுதி முழுக்கக் கேட்டது. காலையில் இருந்த அமைதி எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியோடு இருந்தபோது, ரமண மகரிஷி அடிக்கடி சொன்ன கதை ஒன்றைப் புத்தகத்தில் படித்தேன். கங்கைக் கரையில் ஒரு யோகி. நீண்ட நிஷ்டையிலிருந்து கண்விழித்தவர், தாகமென்று சீடனிடம் தண்ணீர் கேட்டார். அது வருவதற்குள் மறுபடி நிஷ்டையில் ஆழ்ந்துவிட்டார். நூற்றாண்டுகள் கழிந்தன, அரசுகள் மாறின. மீண்டும் கண்விழித்தபோது அவர் வாயில் வந்த முதல் சொல், “தண்ணீர்!” அத்தனை காலமும் மனம் ஒடுங்கித்தான் கிடந்தது. ஆனால், விட்ட இடத்திலேயே அந்த எண்ணம் காத்திருந்தது. படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தத் தண்ணீர்தான் என் பாகப்பிரிவினை.

இப்படி ஒடுங்குவதை ‘லயம்’ என்றும், மறுபடி முளைக்காதபடி அழிவதை ‘நாசம்’ என்றும் பிரித்துச் சொல்கிறது ரமணரின் ‘உபதேச உந்தியார்’. அன்பர் முருகனார் வேண்டிக்கொண்டதற்காக 1927இல் ரமணர் எழுதிய முப்பது பாடல்கள் அவை. மூச்சை அடக்கினால் வலையில் சிக்கிய பறவைபோல மனமும் அடங்கும் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். அடங்குவதோடு வேலை முடியவில்லை என்பதுதான் அடுத்த செய்தி. இன்று தியானத்தை ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மருந்தாகச் சொல்கிறார்கள். அதில் தவறில்லை, எனக்கும் பலன் கிடைத்தது. ஆனால், நம் முன்னோர் தியானத்தை வைத்திருந்த இடம் வேறு. பதஞ்சலி வகுத்த யோகத்தின் எட்டு அங்கங்களில் அது ஏழாவது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை எல்லாம் அடங்கிய இயமம்தான் முதலாவது. பயணம் போய்ச் சேரும் ஊர் கைவல்யம் என்னும் விடுதலை. அத்வைதிகளோ இன்னும் ஒரு படி போய், விடுதலை புதிதாகக் கிடைப்பதே அல்ல, நம்மை உடம்பென்று எண்ணும் அறியாமை நீங்கினால் போதும் என்கிறார்கள்.

ரமணர் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவரல்ல. 1896 ஜூலையில், மதுரையில், பதினாறு வயது வேங்கடராமனாக இருந்த அவருக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, உடம்பு செத்தால் ‘நான்’ சாகிறேனா என்று உள்ளே பார்த்தார். செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவர், 1950இல் மறையும்வரை அந்த ஊரை விட்டு நகரவே இல்லை. பேசும் நாட்டம் இல்லாமல் இருந்த 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் வந்து கேள்விகள் கேட்க, விடைகளை எழுதிக் காட்டினார். அதுதான் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயிற்று. கேட்டவரும் தென்னார்க்காடு ஜில்லாவில் வருவாய்த் துறை ஊழியர் என்று அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

‘நான் யார்?’ என்று கேட்கும் அந்த வழிக்குப் பெயர் ஆத்ம விசாரம். விசாரணை எங்கள் ஆபீஸ் சொல்தான். பட்டா மாறுதல் மனு வந்தால் இடத்துக்கே போய் இரண்டு கேள்வி கேட்போம்: யார் பேரில் இருக்கிறது? யார் அனுபவத்தில் இருக்கிறது? பல இடங்களில் இரண்டும் வேறுவேறாக இருக்கும். ரமணர் காட்டியதும் அப்படி ஓர் ஆய்வுதான். ஓர் எண்ணம் எழுந்தால் அதைத் தொடரவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். இது யாருக்கு வந்தது? எனக்கு. அந்த ‘நான்’ யார்? பதிலைச் சொல்லால் தேடக்கூடாது. கேள்வி வந்த திசையிலேயே கவனம் திரும்ப வேண்டும். மற்ற எண்ணங்களை அழித்த பின், சிதையைக் கிளறும் கோல்போல இந்தக் கேள்வியும் எரிந்துபோகும் என்பது அவர் வாக்கின் கருத்து.

பதினோரு வருடமாக உட்கார்கிறேன். வீடு பாகம் ஆகிவிட்டது. என் பங்கில் கிணறு வரவில்லை. தம்பியின் குரல் கேட்டால் இப்போதும் நெஞ்சில் சூடு ஏறுகிறது. போனைக் காதில் வைத்தபடியே, இந்தச் சூடு யாருக்கு என்று பார்க்கிறேன். சில நாள் அது அங்கேயே அணைந்துவிடுகிறது. மற்ற நாட்களில் கத்திவிட்டு, மறுநாள் விடியற்காலை நாலரைக்கு மறுபடி பாயை விரிக்கிறேன்.