போகும் பிள்ளைகளும் இருக்கும் ஊரும்

ஒரு நகரம் நலிவதை மூடிய ஆலைகளைக் கொண்டே பெரும்பாலோர் அளக்கின்றனர். படித்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராய் வெளியேறுவதை அதனினும் பெரிய இழப்பாக நாம் கருதுகிறோம். இதனை எதிர்கொள்ள முயன்ற ஓர் ஊரை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கலமசூ, ஒரு காலத்தில் 'காகித நகரம்' எனப் பெயர் பெற்றிருந்தது. 1886இல் தோன்றிய அப்ஜான் மருந்து நிறுவனமும் அங்கேயே வளர்ந்தது. பின்னர்க் காகித ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. அப்ஜான் 1995இல் சுவீடனின் ஃபார்மசியாவுடன் இணைந்தது. 2003இல் ஃபைசர் அதனை வாங்கியது. மருந்து உற்பத்தி அருகிலுள்ள போர்ட்டேஜில் தொடர, ஆய்வுப் பணிகளிற் பெரும்பகுதி வேறிடம் சென்றது. ஊரை விட்டுப் போக மனமில்லாத ஆய்வாளர் சிலர் சிறு நிறுவனங்கள் தொடங்கினர். 2003இல் திறக்கப்பட்ட புத்தாக்க மையம் அத்தகையோர்க்கு ஆய்வுக்கூட வசதி அளித்தது.

2005 நவம்பரில் 'கலமசூ வாக்குறுதி' அறிவிக்கப்பட்டது. நகரின் அரசுப் பள்ளிகளில் தொடக்கம் முதல் பயின்று தேறுவோர்க்கு மாநிலப் பொதுக் கல்லூரிக் கட்டணம் முழுவதும் கிட்டும். ஒன்பதாம் வகுப்பிற் சேர்ந்தோர்க்கு 65 விழுக்காடு. அதற்குப் பின் வந்தோர்க்கு ஒன்றுமில்லை. மதிப்பெண்ணும் பார்ப்பதில்லை, குடும்ப வருமானமும் பார்ப்பதில்லை. கொடையாளர்கள் தம் பெயரை வெளியிடாமலே கொடுத்தனர். வலக்கை ஈவதை இடக்கை அறியாத கொடை!

இதன் நுட்பம் அந்த விழுக்காட்டுக் கணக்கிலேயே இருக்கிறது. பிள்ளை எத்தனை ஆண்டு அவ்வூர்ப் பள்ளியிற் பயில்கிறதோ அத்தனைக்குப் பயன் கூடுகிறது. எனவே பெற்றோர் முன்னதாகவே வந்து குடியேறுகின்றனர், இருப்போரும் பெயர்வதில்லை. 10,000 அளவுக்குச் சரிந்திருந்த மாணவர் தொகை, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 12,000ஐத் தாண்டிற்று. மிச்சிகனில் அரசு நிதி மாணவர் தலைக்கணக்கில் வருவதால் பள்ளிகளும் வலுப்பெற்றன. பட்டமோ சான்றிதழோ பெற்றோர் விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததென ஆய்வாளர் கண்டனர். அப்பயன் பெண்களிடமே மிகுதி. ஆண்களிடம் ஏறத்தாழ இல்லை என்பது கவலைக்குரியது.

பட்டம் பெற்றோர் ஊரிலேயே பணியாற்ற வேண்டுமென ஒப்பந்தம் எழுதியிருக்கலாகாதா எனச் சிலர் வினவக்கூடும். அஃது எமக்கு உடன்பாடன்று. கால்கட்டுடன் வரும் கல்வியைப் பெற்றோர் அஞ்சுவர். அஞ்சினால் குடியேறவே மாட்டார். ஆயினும் உண்மையை மறைத்தற்கில்லை. 2010இல் 74,262ஆக இருந்த நகர மக்கள்தொகை, 2020இல் 73,598ஆகவே நின்றது. வாக்குறுதி பெற்றோரை ஈர்த்தது. படித்து முடித்த பிள்ளையை இருத்தும் பொறுப்பு வேலைகளைச் சார்ந்தது. மருத்துவக் கருவிகள் செய்யும் ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் தலைமையகம் இன்று அருகிலுள்ள போர்ட்டேஜில் உள்ளது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் கோவிட் தடுப்பூசியின் முதற் சரக்குந்துகள் புறப்பட்டதும் போர்ட்டேஜ் ஆலையிலிருந்தே.