பாக்கெட்டில் இருக்கும்போது போன் உண்மையிலேயே தூங்குகிறதா? டச் ஸ்க்ரீன் சார்ஜை மிச்சப்படுத்துவது எப்படி?

இரும்புலியூரில் இருந்து தாம்பரம் ஸ்டேஷன் போய் பீச் ட்ரெயின் பிடிக்கிற பலருக்கு டிக்கெட் இப்போது போனில்தான். செக்கிங் நேரத்தில் போன் ஆஃப் ஆகிவிட்டால், ‘சார்ஜ் இல்ல சார்’ என்ற பதில் எடுபடாது. டிக்கெட் இல்லாத பயணி என்றுதான் கணக்கு. கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். கடைசி 5 சதவீத சார்ஜை இழுத்துப் பிடிக்க போனுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் ‘ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்’.

அது என்ன?

‘ஆளே இல்லாத ரூம்ல ஃபேன் எதுக்கு ஓடுது?’ என்று வீட்டில் திட்டு வாங்கியிருப்பீர்கள். அதே லாஜிக்தான். மொத்த போனையும் தூங்க வைப்பது மெயின் ஸ்விட்சை அணைப்பது மாதிரி. ரன்டைம் முறையில் போன் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை இல்லாத பாகம் மட்டும் தூங்கும்.

ஆண்ட்ராய்டுக்கு அடித்தளம் லினக்ஸ். ராஃபேல் விசோட்ஸ்கி உருவாக்கிய இந்த ஏற்பாடு, 2009 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.32-ல் சேர்ந்தது. ஒரு பாகத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கு வைக்கும். கணக்கு பூஜ்ஜியம் ஆனதும் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு அணைத்துவிடும்.

டச் ஸ்க்ரீனில் என்ன சிக்கல்?

கேமராவை ஆப் கேட்கும்போது எழுப்பினால் போதும். ஆனால் விரல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விழித்திருக்கும் டச் சிப், நொடிக்கு 60 முறை, பல போன்களில் 120 முறைக்கும் மேல் ‘விரல் இருக்கா?’ என்று பார்க்கிறது. முழுசாகத் தூங்கவிட்டால் முதல் தொடுதலே பதிவாகாமல் போகலாம். அதனால் நடுவில் அரைத்தூக்கம் ஒன்று உண்டு: குறைவான முறை மட்டும் பார்க்கும், விரல் பட்டால் பிராசஸருக்கு சிக்னல் கொடுக்கும். ‘டபுள் டேப்’ செய்து ஸ்க்ரீனை எழுப்புவது இப்படித்தான்.

டச் சிப் தின்னும் கரன்ட் கம்மிதான். அது தப்பாக எழுப்பிவிட்டால், பின்னாலேயே எழுந்து வரும் பிராசஸரும் ஸ்க்ரீனும்தான் சார்ஜை காலி செய்கின்றன. பாக்கெட்டில் அடிக்கடி ஸ்க்ரீன் எரிந்தால் நஷ்டம் அங்கேதான்.

இதற்கும் ஒரு வழி வந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 5.11-ல், ‘இப்போதைக்கு இந்த கீபோர்டைக் கண்டுகொள்ளாதே’ என்று தனியாகச் சொல்லும் வசதி சேர்ந்தது. பின்பக்கம் மடித்து டேப்லெட் மாதிரி பயன்படுத்தும் லேப்டாப்பில், அடியில் அழுந்தும் கீபோர்டுக்கு இது உதவும். கீபோர்டின் டிரைவர் அதற்கேற்ப எழுதப்பட்டிருந்தால் கரன்டும் மிச்சம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- சார்ஜ் குறைவாக இருக்கும்போது ‘டபுள் டேப்’, ‘தூக்கினால் எரியும் ஸ்க்ரீன்’ இரண்டையும் செட்டிங்ஸில் ஆஃப் செய்யுங்கள். பவர் பட்டன் எப்படியும் வேலை செய்யும்.
- தெரியாமல் படும் தொடுதலைத் தடுக்கும் ‘பாக்கெட் மோட்’ இருந்தால் ஆன் செய்யுங்கள்.
- ஸ்க்ரீன் அணையும் நேரத்தை 30 நொடிக்குக் குறையுங்கள்.