24,000 ரூபாய் கிரைண்டர் கார்ட்ல இருந்துச்சு... மூணு கிளிக்ல தப்பிச்சேன்!

எஸ்ஐபி பத்திப் பேசற ஆடிட்டர் இன்னிக்கு காபி அரைக்கறதைப் பத்திப் பேசறேன். காரணம் இருக்கு.

ஆபீஸ் பக்கத்து கஃபேல வாரம் 3 காபி, ஒண்ணு 180 ரூபாய். மாசம் 2,160. இதைக் குறைக்கத்தான் 6,500 ரூபாய்க்கு ஒரு கை கிரைண்டர் வாங்கினேன். முதல் நாளே சொதப்பல். ஏதோ எஸ்பிரெஸோ வீடியோவைப் பார்த்து மாவு மாதிரி அரைச்சு ஃபில்டர்ல போட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு, கீழே நாலு சொட்டு. மறுநாள் 6 கிளிக் தளர்த்தினேன். ரெண்டே நிமிஷத்துல மொத்தத் தண்ணியும் இறங்கிடுச்சு. அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏன்டா, டம்ளர் கழுவின தண்ணியா இது?"ன்னாங்க.

உடனே என் முடிவு என்ன தெரியுமா? கிரைண்டர் சரியில்ல, 24,000 ரூபாய் எலக்ட்ரிக் மாடல் வாங்கணும். 'நோ காஸ்ட் இஎம்ஐ', 6 மாசம், மாசம் 4,000. நானே இதை நம்பினேன் பாருங்க! 15% வட்டின்னா அதுக்குள்ள சுமார் 1,016 ரூபாய் வட்டி இருக்கு. அதை கடைக்காரர் டிஸ்கவுண்ட்டா கழிச்சுடுவார், சரி. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 183 ரூபாய் நம்ம தலையில. ப்ராசஸிங் ஃபீ 199, அதுக்கும் ஜிஎஸ்டி. மொத்தம் 418.

பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி ஒழுங்கா ஒரு தடவை செட் பண்ணிப் பார்த்தேன். கொட்டை போடாம, பற்கள் ரெண்டும் உரசற வரைக்கும் டயலைத் திருப்பணும். அதுதான் ஜீரோ. அங்கிருந்து கிளிக் எண்ணணும். (யூடியூப்ல சொல்ற நம்பர் உங்க கிரைண்டருக்குப் பொருந்தாது, ஒவ்வொரு மாடலுக்கும் வேற.) தினமும் அதே 20 கிராம், அதே அளவு தண்ணி. கிளிக் மட்டும்தான் மாறணும். மாத்தினதும் நாலஞ்சு கொட்டையை அரைச்சுக் கொட்டிடுங்க, பழைய பொடி உள்ளே ஒட்டியிருக்கும். டிகாக்ஷன் வேகமா இறங்கினா நைஸாக்குங்க, அடைச்சா தளர்த்துங்க. நான் 3 கிளிக் திரும்பி வந்தேன். 15 நிமிஷத்துல சொட்டுச் சொட்டா, கெட்டியா இறங்குச்சு. சிக்கரி கலந்தா அது தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால இன்னும் ஒரு கிளிக் தளர்வா வைக்கணும். மேலே வைக்கற குடையை ரொம்ப அழுத்தினாலும் அடைச்சுக்கும்.

கணக்கையும் நேர்மையா சொல்லிடறேன். கஃபே முழுசா நிக்கல, இப்ப வாரம் ஒண்ணு. மாசம் 1,440 மிச்சம், நாலரை மாசத்துல கிரைண்டர் காசு வந்துடும். கஃபேக்கு அதே மாதிரி போயிட்டிருந்தா ஒரு ரூபாய்கூட மிச்சமில்ல. வீட்டுப் பக்கத்துல வறுத்து அரைச்சுத் தர்ற கடை இருந்தா 100 கிராம் 100 கிராமா வாங்கிக்கோங்க, கிரைண்டரே வேணாம்.

அந்த எலக்ட்ரிக் மாடல் இன்னும் கார்ட்லதான் இருக்கு. விலை குறைஞ்சிருக்குன்னு நேத்துகூட நோட்டிஃபிகேஷன் வந்துச்சு.