தூக்கத்தைத் துரத்தாதீர்கள்!

இரவு மணி ஒன்று அடித்துவிட்டது. ஊரெங்கும் நிசப்தம். வீட்டில் எல்லோரும் அயர்ந்து நித்திரை செய்கிறார்கள். நாம் மட்டும் புரண்டு புரண்டு கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறோம். "இந்த நிமிஷமே தூங்கினால்கூட ஐந்து மணி வரையில் நாலு மணி நேரந்தான்!" ஒன்றரைக்கு மறுபடியும் அதே கணக்கு; மிச்சம் மூன்றரை. பகலில் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயருக்கு இராத்திரியிலும் அதே உத்தியோகம்!

பரீட்சைக் காலத்தில் நாம் பட்ட பாடு இது. பாடங்களை முடிக்க வேண்டுமே என்ற கவலையால்தான் முதலில் தூக்கம் கெட்டது. பரீட்சை முடிந்தது, அந்தக் கவலையும் ஒழிந்தது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை. "இன்றைக்காவது தூக்கம் வருமா?" என்ற புதுக் கவலை பழையதன் இடத்தில் வந்து உட்கார்ந்து கொண்டது. ஒரு நாள் வகுப்பிலே அற்பப் பிழைக்காக ஒரு பையன்மீது எரிந்து விழுந்தோம். அவன் கண்ணில் ததும்பிய நீர் அன்றிரவும் நம்மைத் தூங்கவிடவில்லை.

நம் அவஸ்தையைப் பார்த்து வீட்டு அம்மாள் ஒரு நாள், "தூங்கியே தீரவேண்டும் என்று யார் சொன்னது? பேசாமல் விழித்துக் கொண்டிருங்களேன்!" என்றாள். பரிகாசமாகச் சொன்னதுதான். ஆனால் வியன்னா நகரத்து மனோதத்துவ வைத்தியர் விக்டர் பிராங்கல் சொன்ன சிகிச்சையும் அதுவே என்பதைப் பின்னால் படித்தறிந்தோம். அமெரிக்காவில் ஆஷர், எப்ரன் என்னும் இருவர், வேறு முறைகள் பலிக்காத சிலரை, "படுத்தபடியே விழித்திருக்கப் பாருங்கள்" என்று சொல்லிச் சோதித்தார்கள். அவர்கள் முன்னைவிடச் சீக்கிரம் தூங்கிப் போனதாக 1978-ல் எழுதினார்கள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நடப்பதும் எழுதுவதும் பிரயத்தனத்தால் ஆகும். தூக்கமோ, வந்த விருந்தாளியைக் கண்டு தாயின் முந்தானையில் ஒளியும் குழந்தையைப் போன்றது. கூப்பிட்டால் வராது, கவனியாமல் இருந்தால் தானே வந்து மடியில் உட்காரும். "வந்துவிட்டதா?" என்று மனம் காவல் காக்கும்போது, ஏதோ ஆபத்து என்று எண்ணித் தேகமும் விழித்துக் கொள்கிறது.

ஒரு நாள் தூக்கம் கெட்டால் குடி முழுகிவிடும் என்ற பயமும் வேண்டியதில்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் தூக்கத்தின் தேவையை உள்ளே வளர்த்துக்கொண்டே போகிறது. 1964-ல் காலிபோர்னியாவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவன் 264 மணி நேரம் விழித்திருந்தான். பிறகு தூங்கியது சுமார் 14 மணி நேரமே. இழந்த தூக்கத்தை மணிக்கு மணி வட்டியுடன் கேட்கும் லேவாதேவிக்காரனல்ல நமது தேகம். ஆழ்ந்த தூக்கத்தால் கடனில் பெரும் பகுதியைத் தள்ளிக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பையனைப் பின்பற்றும்படி நாம் சொல்லவில்லை. பயத்தை விடும்படிதான் சொல்கிறோம்.

செய்ய வேண்டியவை சில. கடிகாரத்தையும் கைபேசியையும் கண்ணுக்கெட்டாத இடத்தில் வையுங்கள். வெகு நேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது படுக்கைக்குத் திரும்புங்கள். 1972-ல் பூட்ஸின் என்னும் அறிஞர் வெளியிட்ட முறை இது. எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். நேற்றைய நஷ்டத்துக்கு ஈடாக இன்று முன்கூட்டிப் படுக்கவோ பகலில் நீண்ட நேரம் உறங்கவோ வேண்டாம். மாலைக் காபிக்கும் விடை கொடுங்கள். நாட்பட்ட தூக்கமின்மைக்கு, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் இத்தகைய சிகிச்சையையே மருந்துக்கு முன்னால் கையாள வேண்டுமென்று அமெரிக்க வைத்தியர் சங்கம் ஒன்று 2016-ல் சிபாரிசு செய்திருக்கிறது. ஆனால் குறட்டையின் நடுவே மூச்சுத் தடைப்பட்டாலும், மனச் சோர்வு நீடித்தாலும் டாக்டரிடம் போகத் தாமதிக்கலாகாது.

நமது கடிகாரம் கூடத்துக்குப் போயிற்று. முதல் சில இரவுகளில் பலன் தெரியவில்லை. பிறகு ஓரிரவு, "சரி, விழித்தே இருப்போம்" என்று திண்ணையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தோம். எத்தனை பக்கம் படித்தோமோ தெரியாது. புத்தகம் கீழே விழுந்த சத்தம்தான் நம்மை எழுப்பிப் படுக்கைக்கு அனுப்பிற்று.

மறுநாள் அந்தப் பையனை அழைத்து, "அன்று நாம் கோபித்தது தவறு, அப்பா" என்று சொன்னோம். இப்போதும் சில இரவுகளில் தூக்கம் வருவதில்லை. ஆனால் அந்தக் கழித்தல் கணக்கை மட்டும் நாம் போடுவதில்லை.