கைபேசிக் கணக்கு – 9: பேசியதெல்லாம் எங்கே போச்சு?

சாம்சங் போனில் அழைப்பைப் பதிவு செய்யும் வசதியை ஒருமுறை ஆன் செய்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு போன் நம்மிடம் எதுவும் கேட்காது. மாமியாரின் மூட்டுவலி, சிலிண்டர் புக்கிங், கிரெடிட் கார்டு வேண்டுமா என்று விசாரிக்கும் குரல், எல்லாம் சத்தமில்லாமல் ஒரு ஃபோல்டருக்குள் விழுந்துகொண்டே இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு அழைப்பு வேண்டும் என்று தேடும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். பதிவு செய்ய எல்லாருக்கும் தெரிகிறது. தேடி எடுக்க யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா கடனுக்கு மெஷின் வாங்கியிருந்தார். இரண்டு தவணை தள்ளிப்போனதும் வசூல்காரர்களின் போன் வர ஆரம்பித்தது. “நேரங்கெட்ட நேரத்துல கூப்பிட்டு கண்டபடி பேசுறான் தம்பி. எல்லாம் பதிவாயிருக்கும்னு பையன் சொல்றான். எங்க இருக்குன்னுதான் தெரியல” என்று போனை நீட்டினார்.

மை ஃபைல்ஸ், அதற்குள் இன்டர்னல் ஸ்டோரேஜ், அதற்குள் ரெக்கார்டிங்ஸ், அதற்குள் கால். இதுதான் இப்போதைய சாம்சங்கில் வழி. பழைய மாடல்களில் கால் ஃபோல்டர் வெளியிலேயே இருக்கும். அக்காவின் போனில் திறந்து பார்த்தால் முடிவில்லாமல் ஓடுகிறது பட்டியல். மிரள வேண்டியதில்லை, விஷயம் ஃபைலின் பெயரிலேயே இருக்கிறது. காண்டாக்டில் சேமித்தவர் என்றால் அவர் பெயர், இல்லையென்றால் நம்பர். அதன் பின் ஒரு அடிக்கோடு, ஆறு இலக்கம். இன்னொரு அடிக்கோடு, இன்னும் ஆறு இலக்கம். 240612_211405 என்றிருந்தால் 2024 ஜூன் 12, இரவு 9 மணி 14 நிமிடம் 5 விநாடி.

அந்த 21-ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. அவர் என்ன திட்டினார் என்பது அப்புறம். அந்த நேரத்தில் கூப்பிட்டதே தப்பு. வசூல்காரர்கள் நம்பரை மாற்றி மாற்றி அழைப்பதால் நம்பரை வைத்துத் தேடிப் பயனில்லை. தேதி வரிசையில் அடுக்கி, கடைசி ஆறு இலக்கங்களில் 19, 20, 21 என்று தொடங்குபவற்றை மட்டும் நின்று கேட்டோம். அளவு வாரியாக அடுக்கினால் நீளமான வசவுகள் மேலே வந்துவிடும் என்பது இன்னொரு வசதி.

எல்லாப் போனிலும் இப்படி எளிதாகச் சிக்காது. பழைய ரெட்மியில் மியூஐ என்ற ஃபோல்டருக்குள் சவுண்ட் ரெக்கார்டர், அதற்குள் கால் ரெக். ஓப்போ, ரியல்மியில் மியூசிக் ஃபோல்டருக்குள் ரெக்கார்டிங்ஸ் என்று போய்ப் பார்க்க வேண்டும். கூகுளின் டயலர் உள்ள போன்களில் எந்த ஃபோல்டரிலும் தேடாதீர்கள், கிடைக்காது. பதிவு அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும். அழைப்புப் பட்டியலில் அந்த நபரைத் தொட்டு, ஹிஸ்டரியைத் திறந்தால்தான் கேட்க முடியும். செயலியின் டேட்டாவை அழித்தால் பதிவும் போய்விடும். 7, 14, 30 நாள் கழித்துத் தானாக அழிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. யாராவது அதை ஆன் செய்து வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வேண்டியதை ஒவ்வொன்றாக ஷேர் செய்து வெளியே எடுத்துக்கொள்வதுதான் வழி.

ஒரு காலத்தில் இதற்கென்றே தனிச் செயலிகள் நிறைய இருந்தன. ஆண்ட்ராய்டு 9, 10 பதிப்புகள் அவற்றுக்குக் கதவைச் சாத்தின. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவ வைத்திருந்த ஆக்ஸசிபிலிட்டி வசதி வழியாகச் செயலிகள் நுழைந்தன. 2022 மே மாதம் பிளே ஸ்டோர் விதியில் அந்த ஜன்னலையும் கூகுள் மூடியது. இன்றைக்கு நம்பி வைத்துக்கொள்ளத்தக்கது போனுடன் வரும் டயலர்தான். மற்றவை மறுமுனைக் குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலப் பதிவு செய்துவைக்கும். ஆப்பிளோ 2024 அக்டோபரில், ஐஓஎஸ் 18.1-ல்தான் இந்த வசதியையே கொடுத்தது. ஐபோனில் பதிவு நோட்ஸ் செயலிக்குள் தனி ஃபோல்டரில் போய் உட்காரும். கூகுள் டயலரைப் போலவே இதுவும் பதிவாகிறது என்று இரு பக்கமும் கேட்க அறிவித்துவிட்டுத்தான் தொடங்கும்.

கண்டுபிடித்த கையோடு பலரும் செய்யும் காரியம் வாட்ஸாப்பில் அனுப்புவது. அக்காவும் வக்கீல் குமாஸ்தாவான தன் தம்பிக்கு அப்படித்தான் அனுப்பினார். ஆடியோவாக அனுப்பினால் மறுமுனையில் ஃபைலின் பெயர் மாறிவிடும். முன்னால் ஏயூடி, பின்னால் டபிள்யூஏ, நடுவே அனுப்பிய தேதி. யார் கூப்பிட்டது, எப்போது கூப்பிட்டது என்ற இரண்டும் பெயரிலிருந்து காணாமல் போயின. “எப்ப வந்த கால்க்கா இது?” என்று அவர் கேட்டதில் தப்பில்லை. டாக்குமென்டாக இணைத்து அனுப்பினால் பெயர் அப்படியே போகும். சின்ன விஷயம்தான், ஆனால் வழக்கு என்று வந்தால் சின்ன விஷயம்தான் பெரிதாகும்.

வழக்கு என்றதும் ஒரு பழைய கதை. 1964-ல் பம்பாயில், சந்தேக மரணங்களை விசாரிக்கும் கரோனராக இருந்த மல்கானி, ஒரு மருத்துவரிடம் லஞ்சம் கேட்டார். பேச்சுவார்த்தை இன்னொரு மருத்துவர் மூலம் நடந்தது. அந்த இன்னொருவரின் சம்மதத்தோடு, அவர் போனில் டேப் ரெக்கார்டரை இணைத்து லஞ்ச ஒழிப்புப் போலீசார் பதிவு செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பேச்சு வழக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் யாருடையது என்று அடையாளம் காட்ட வேண்டும், பதிவில் கைவைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும், இவை இருந்தால் ஏற்கலாம் என்றது நீதிமன்றம். 2025 ஜூலையில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஏற்கலாம் என்பதற்காக பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு ஒரு சான்றிதழ் கேட்கிறது. போனின் கம்பெனி, மாடல், ஐஎம்இஐ எண், ஃபைலின் ஹாஷ் மதிப்பு எல்லாம் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண். பெயரை மாற்றினால் அது மாறாது. முன்னால் இருக்கும் “ஹலோ… ஹலோ…”வை மட்டும் வெட்டிச் சேமித்தாலே மாறிவிடும். எனவே வெட்டுவது, சத்தத்தைக் கூட்டுவது எல்லாம் பிரதியில் செய்யுங்கள். அசல் அதே போனில் கிடக்கட்டும். தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் அந்தப் போனைக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டின் வழக்கமான பேக்கப்பில் இந்த ஆடியோ ஃபோல்டர் சேராது. கூகுள் போட்டோஸும் படம், வீடியோவோடு நின்றுவிடும். கணினிக்கோ டிரைவுக்கோ நாமேதான் பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

எல்லா அழைப்பையும் பதிவு செய்வது எனக்கு உடன்பாடில்லை. இடம் அடைப்பது அதில் பெரிய விஷயமே இல்லை. தரத்தைப் பொறுத்து நிமிடத்துக்கு அரை எம்பி முதல் ஒரு எம்பிவரை ஆகலாம், நூறு மணி நேரம் பேசினாலும் ஆறு ஜிபிக்குள் அடங்கும். தோழி மனம்விட்டுப் பேசிய பேச்சு அவளுக்குத் தெரியாமல் நம் போனில் கிடப்பதும், சர்வீஸ் கடையில் போனைக் கொடுக்கும்போது அதுவும் கூடவே போவதும்தான் உறுத்துகிறது. சாம்சங்கில் சேமிக்காத நம்பர்களை மட்டும், அல்லது குறிப்பிட்ட நம்பர்களை மட்டும் பதிவு செய்யும்படி வைக்க முடியும். அக்காவின் போனில் முதலாவதை வைத்துக் கொடுத்தேன். வேண்டிய பதினோரு ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் பிரதி எடுத்தோம். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நாளும் நேரமும் போட்டுப் புகார் போயிருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மற்ற பதிவுகளை ஒட்டுமொத்தமாக அழித்துவிடலாமா என்று கேட்டேன். “எங்கம்மா பேசுனது நாலு இருக்கும், அதை விட்டுட்டு அழி தம்பி” என்றார்.

அடுத்த வாரம்: போன் மாற்றும்போது காண்டாக்ட் லிஸ்ட் இரட்டிப்பாவது ஏன்?

(தொடரும்)