கல்யாண நாள் ஞாபகம் இருக்கு. காலைச் சாப்பாடு ஏன் மறந்துபோச்சு?

"ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்த கல்யாணத்தை அப்படியே சொல்றாங்க. காலையில சாப்பிட்டீங்களான்னு கேட்டா இல்லைங்கிறாங்க. வேணும்னே பண்றாங்களோ?" வயதான பெற்றோர் இருக்கும் பல வீடுகளில் இந்தச் சந்தேகம் உண்டு. வேணும்னே இல்லைங்க. மூளை நினைவுகளைச் சேமிக்கும் முறைதான் காரணம்.

புதிதாகப் பார்ப்பதும் கேட்பதும் நினைவாகப் பதிய, மூளையின் இரு பக்கமும் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி தேவை. அலுவலகத்தில் மனுவைப் பதிவு செய்யும் தபால் பிரிவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பதிவானவை நாளடைவில், முக்கியமாக நாம் தூங்கும்போது, பெருமூளையின் மேற்பரப்பில் நிலைபெறுகின்றன. அதுதான் பழைய கோப்புகள் இருக்கும் பதிவறை.

1953-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். சிறு வயது நினைவுகள் இருந்தன. ஆனால் சற்றுமுன் சந்தித்தவரைக்கூட மறந்துவிடுவார். 2008-ல் இறக்கும்வரை அப்படியே இருந்தார்.

அல்சைமர் நோயில் அமைலாய்டு, டௌ என்ற புரதங்கள் மூளையில் படிந்து நரம்புச் செல்களை அழிக்கின்றன. பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது ஹிப்போகேம்பஸ்தான். அதனால்தான் புதியது பதியாமல் போகிறது. பழையது கொஞ்ச காலம் நிற்கிறது. நோய் பரவும்போது அதுவும் மங்கும்.

"வயசானா மறதி சகஜம்" என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளாலும் மறதி வரலாம். இவற்றைச் சரிசெய்ய முடியும். அல்சைமரை முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை; ஆனால் சீக்கிரம் தெரிந்தால் சிகிச்சையையும் பராமரிப்பையும் திட்டமிடலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

• கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால்
• பழகிய தெருவிலேயே வழி தவறினால்
• பணக் கணக்கில், சமையலில் தடுமாறினால்

பி.பி., சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது மூளைக்கும் பாதுகாப்பு. இவற்றுக்கான மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும். திடீரெனக் குழப்பம், பேச்சுக் குழறல் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

போனில் சேமித்துக்கொள்ளுங்கள்: மருத்துவ ஆலோசனை 104, மனநல ஆலோசனை 14416, முதியோர் உதவி 14567.

அடுத்த முறை அம்மா அதே கேள்வியைக் கேட்டால், "இப்பதானே சொன்னேன்" என்று கோபப்படாதீர்கள். அவங்களுக்கு அது முதல் தடவைதான்.